சர்பத் கசகசா

ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பேண்டேஜ் துணிக் கடை ஒன்றின் மாடியில் ஒற்றை அறையில் நடந்த டிராவல்ஸ் ஆபீசில் நான் நாலு வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். தொண்ணூறுகளின் முதல் பாதி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் காலை எட்டேகால் பஸ்ஸில் வந்து, சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் திரும்புவேன். பாஸ்போர்ட் மனு நிரப்புவது, டிக்கெட்டுக்குக் கடிதம் அடிப்பது, வந்தவர்களை பெஞ்சில் உட்காரச் சொல்வது, இதுதான் வேலை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நான் பெருமைப்பட்டது ஒரே ஒரு தாளுக்கு. 'சிங்கப்பூர் செல்வோர் கவனத்துக்கு' என்று தலைப்பு போட்டு, இருபத்து மூன்று குறிப்புகளோடு, நானே தமிழில் எழுதி, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி எடுத்த தாள். இன்றைக்கு அந்தத் தலைப்பை நினைக்கவே எனக்குப் பிடிக்காது.

மெட்ராசில் இருந்த பெரிய ஏஜென்ட் ஆங்கிலத்தில் ஒரு குறிப்புத்தாள் அனுப்புவார். அதை எங்கள் ஊர்க்காரர்கள் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விமானத்தில் வாந்தி வந்தால் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. படிக்கத் தெரிந்தவள் பக்கத்தில் இருக்கும்போது ஜனங்கள் எதற்குக் குருட்டாம்போக்கில் போய் இறங்க வேண்டும்? முதலாளியிடம் கேட்டேன். அவர் ராவுத்தர் வீட்டு மனிதர், சாந்தமானவர், வெற்றிலை போடுவார். "எழுதுங்கம்மா, நம்ம பேரும் நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

மொழிபெயர்ப்பாக எழுதவில்லை. எங்கள் ஆட்களை மனதில் வைத்து எழுதினேன். அங்கே மதியத்துக்கு மேல் திடீரென்று மழை கொட்டும், குடையைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வையுங்கள். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ரோட்டில் துப்பக் கூடாது. சூயிங்கம் கூடாது. சிவகாசிச் சொந்தக்காரர்கள் அன்பாகக் கொடுத்தாலும் வெடி கொண்டு போகக் கூடாது. பால்கோவா வாங்கினால் கிளம்புகிற அன்றைக்கே வாங்குங்கள், போய் இறங்கியதும் கொடுத்துவிடுங்கள். திருநீற்றுப் பொட்டலத்தைக் கைப்பையில் போடாதீர்கள், வெள்ளைத் தூளுக்கு விளக்கம் சொல்லி மாளாது. நாயைக் கூட்டிப்போக முடியுமா என்று இங்கே வந்து கேட்காதீர்கள். இந்தக் கடைசிக் குறிப்பு ஒரு மில் முதலாளிக்காக எழுதியது. அவர் மூன்று முறை வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

பதினேழாவது குறிப்புதான் விஷயம். ஆங்கிலத் தாளில் கொண்டுவரக் கூடாத பொருள்களின் வரிசையில் 'பாப்பி சீட்ஸ்' என்று இருந்தது. அகராதியைப் புரட்டினேன். 'கசகசா' என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் நிலையத்து வாசலில் சர்பத் வண்டிக்காரர், கண்ணாடித் தம்ளரில் நன்னாரியை ஊற்றி, ஊறிப்போய் வழுவழு என்றிருக்கும் கருப்பு விதையை ஒரு கரண்டி போட்டு, "கசகசா போட்டாச்சு, குடிங்க" என்று நீட்டுவார். எனக்குத் தெரிந்த கசகசா அது ஒன்றுதான். எங்கள் வீடு கோவில் தெருவில். கறி, மீன் வாசல்படி ஏறாது, அதோடு சேர்ந்த மசாலாவும் ஏறாது. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, மிளகு, சீரகம், இவற்றோடு எங்கள் அஞ்சறைப்பெட்டி முடிந்துவிடும். ஆகவே நான், யாரும் குழம்பிவிடக் கூடாதே என்று கூடுதல் அக்கறை எடுத்து, இப்படி எழுதினேன்: 'சர்பத்தில் போடும் கருப்பு நிறக் கசகசா கொண்டு போகக் கூடாது.'

தாளை முதலாளி படித்தார். படித்தார் என்றா சொன்னேன்? கடைசி வரியைப் பார்த்தார். சிங்கப்பூரில் இறங்குகிறவர்கள் நிரப்பிக் கொடுக்க வேண்டிய அட்டை ஒன்று உண்டு. அதில் சிவப்பு எழுத்தில், போதைப்பொருள் கடத்துவோருக்கு மரண தண்டனை என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதை அப்படியே தமிழில் இருபத்து மூன்றாவது குறிப்பாகப் போட்டிருந்தேன். முதலாளிக்கு முகம் கருத்துவிட்டது.

"ஏம்மா, பயணம் போறவங்க கையில மரணம்னு எழுதியா குடுப்பாக?"

"இருக்கறதத்தான எழுதியிருக்கேன்."

"இருக்கட்டும். நம்ம ஆபீஸ்ல இருந்து அந்த வார்த்த போகக் கூடாது."

வார்த்தை விஷயத்தில் அவர் அப்படித்தான். மாடிப்படி இறங்குகிற யாராவது 'போறேன்' என்று சொல்லிவிட்டால் மேலே கூப்பிட்டு, 'வாரேன்' என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். நானும் விடவில்லை. அரைமணி நேரம் மல்லுக்கு நின்றோம். கடைசியில் 'போதைப்பொருள்களுக்குக் கடும் சட்டம் உண்டு' என்று பல்லைப் பிடுங்கிய வாக்கியமாக அது மாறியது. ஆறு வரி மேலே உட்கார்ந்திருந்த கருப்புக் கசகசாவை அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அப்போதே சிரித்திருப்பார். அவர் வீட்டில் வாரம் இரண்டு நாள் குருமா.

ஒரு வருடம் போல அந்தத் தாள் பிரச்சினை இல்லாமல் ஓடியது. பிறகு பிரியாணி மாஸ்டர் வந்தார்.

ராஜபாளையத்தில் பெரிய கல்யாணம் என்றால் அவர்தான் அடுப்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் சமையலைச் சாப்பிட்ட ஒரு குடும்பம் சிங்கப்பூரில் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு அவரே வந்து ஆக்க வேண்டும் என்று மெட்ராஸ் ஏஜென்ட் மூலம் டிக்கெட் போட்டிருந்தார்கள். அவர் ஊரைத் தாண்டிய தூரம் என்றால் மதுரை, ஒரே ஒரு தடவை நாகூர். மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, என் தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். இருபத்து மூன்றையும் படித்தார். அதுவரை யாரும் அப்படிப் படித்ததில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கிளம்புகிற அன்று மதியம் தனியாக வந்தார். சாயங்காலம் அவருக்கு மெட்ராஸ் பஸ், மறுநாள் ராத்திரி விமானம்.

"தங்கச்சி, நீங்க எழுதுனபடியே கட்டிட்டேன். சர்பத்துக்குன்னு எடுத்து வச்ச கருப்புக் கசகசாவ அப்படியே வீட்ல இறக்கி வச்சாச்சு. கல்யாணத்துல சர்பத்தும் நானே போடுறதா இருந்தேன். சரி போகட்டும். பட்டை, கிராம்பு, ஏலம், மராட்டி மொக்கு, குருமாவுக்கு வெள்ளைக் கசகசா ரெண்டு கிலோ. அம்புட்டுதான். இதுக்கு ஒன்னும் இல்லைல்ல?"

வெள்ளைக் கசகசா என்று ஒன்று இருப்பதை நான் கேட்டதே அன்றைக்குத்தான். கேட்டிருக்கலாம். 'அது என்ன மாஸ்டர்?' என்று ஒரு வார்த்தை. அப்போது நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்திருந்தேன், தயிர்சாதம் காய்ந்துகொண்டிருந்தது, தெரியாது என்று சொல்லவும் எனக்குப் பழக்கமில்லை. அவர் கையிலிருந்த தாளை வாங்கிப் பதினேழாவது குறிப்புக்குப் பக்கத்தில் பேனாவால் 'கருப்பு மட்டும்' என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அவருடைய இறங்கும் அட்டையையும் நான்தான் முன்கூட்டியே டைப் அடித்து வைத்திருந்தேன். கையெழுத்துப் போடப் போனவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "இதென்ன செவப்புல போட்டிருக்கு?"

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எல்லாருக்கும் போடுறதுதான். சட்டதிட்டம்" என்றார்.

"அப்ப சரி. வாரேன் தங்கச்சி" என்று மாஸ்டர் படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அந்த 'வெள்ளை' என்ற சொல் மனதில் முள்ளாக நின்றது. வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்துப் பார்த்தேன். கசகசா என்றுதான் இருந்தது, நிறம் போடவில்லை. செண்பகத்தோப்புப் பக்கம் மலை மேல் மேகம் இறங்கியிருந்தது, காற்றே இல்லை. நான் சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆபீசுக்குப் போகாமல் கடைத்தெருவில் இருந்த பலசரக்குக் கடைக்குப் போனேன். சர்பத்தில் போடுகிற கசகசா வேண்டும் என்றேன். கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து கருப்பு விதையைக் காட்டினார்.

"இதத்தானே கேக்கீக? இதுக்குப் பேரு சப்ஜாம்மா. திருநீத்துப்பச்சிலை விதை. சர்பத்காரன் கசகசான்னு சொல்லிப் பழக்கிட்டான், ஊரே அப்படிச் சொல்லுது."

"அப்ப கசகசான்னா?"

பக்கத்து டப்பாவிலிருந்து வெள்ளையாக, ரவையைவிடப் பொடியாக ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் கொட்டினார். "இதுதான் அசல். அபினி எடுக்காக பாருங்க, அந்தக் காய்க்குள்ள இருக்கற விதை. இதுல போதையெல்லாம் கெடையாது, வடக்க இருந்து வருது. குருமாவுக்கு அரைப்பாக."

அந்தக் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கருப்பு விதையை விட்டுவிட்டு, வெள்ளை விதை இரண்டு கிலோவை எடுத்துக்கொண்டு, சிவப்பு எழுத்துள்ள அட்டையோடு அந்த மனுஷர் மெட்ராசில் இருந்தார். அப்படிப் போகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "யா அல்லா" என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு இருவரும் கீழே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். மெட்ராஸ் ஏஜென்ட் ஆபீசில் ஒரு கிளார்க் எடுத்தார். மாஸ்டர் காலையிலேயே வந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்விட்டார், எங்கே தங்கியிருக்கிறார் என்று தெரியாது, சாயங்காலம் விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பித் தேடச் சொல்கிறேன் என்றார். அடுத்து சிங்கப்பூருக்கு, கல்யாண வீட்டு நம்பருக்குப் போட்டோம். நான் ரிசீவரை வாங்கப் போனேன். முதலாளி கொடுக்கவில்லை.

"போன்ல அந்தப் பேரச் சொல்லாதீங்கம்மா. அந்த ஊர்ல எவன் கேட்டுக்கிட்டு இருப்பானோ."

அவரே பேசினார். மாஸ்டர் ராத்திரி கிளம்புறாரு, முதல் பயணம், மூட்டையில சாமான் நெறைய இருக்கு, கொஞ்சம் பாத்துக்கோங்க, கொஞ்சம் நல்லாவே பாத்துக்கோங்க என்று இதையே மூன்று விதமாகச் சொன்னார். அந்தப் பக்கம், கவலையே வேண்டாம், பூமாலையோடு நிற்கிறோம் என்று சிரித்தார்கள். சிரிப்பு எனக்கும் கேட்டது. பிடுங்கி நான் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்குள் இருவரும் வேர்த்து நின்றோம், நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை மெட்ராசிலிருந்து தகவல் வந்தது. அனுப்பிய ஆள் போய்ச் சேர்வதற்குள் பயணிகள் உள்ளே போய்விட்டார்களாம்.

அதன் பிறகு ஒன்றுமே வரவில்லை. கல்யாண வீட்டு போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. மூன்றாம் நாள் மாஸ்டரின் மனைவி படியேறி வந்தார். போய்ச் சேர்ந்ததும் ஆபீசுக்குப் போன் பண்ணுவதாக அவர் சொல்லியிருந்தாராம்.

"வந்துச்சா தங்கச்சி?"

"இன்னும் இல்லக்கா. கல்யாண வேலை மும்முரமா இருக்கும்."

"அதானே. அடுப்புப் பத்த வச்சிட்டா அவியளுக்குப் பெத்த புள்ளையே நெனப்பு வராது."

செத்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் போனதும் முதலாளி, நிச்சயமாகத் தெரிகிறவரைக்கும் அந்த அம்மாளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார். அன்று மதியமே மீதமிருந்த பழைய தாள்களையெல்லாம் கட்டாக எடுத்துக்கொண்டு போய், கீழே டீக்கடை பாய்லர் அடுப்பில் போட்டுவிட்டு வந்தார். நான் புதிய ஸ்டென்சில் வெட்டினேன். பதினேழாவது குறிப்பைத் திருத்தினேன். இருபத்து மூன்றாவதில் அந்தச் சிவப்பு வரியை முழுதாகப் போட்டேன். முதலாளி படித்துப் பார்த்துவிட்டு, அப்படியே உருட்டச் சொன்னார்.

நான்காம் நாளும் அந்த அக்கா வந்தார். கையில் ஒரு தூக்குவாளி.

"வெயிலு என்னமா அடிக்கு. அவிய விட்டுட்டுப் போன கசகசா சும்மா கெடக்கு, ஈரம் பட்டா வீணாப் போயிருமேன்னு சர்பத் போட்டேன். நீங்க எழுதிக் குடுக்கலைன்னா அதையும் கட்டிக்கிட்டுல்ல போயிருப்பாக. எம்புட்டுப் பெரிய உபகாரம்! குடிங்க தங்கச்சி."

இரண்டு தம்ளரில் ஊற்றினார். முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முழுவதையும் குடித்தேன். அந்த விதைகள் ஒவ்வொன்றாக நாக்கில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது இன்றும் ஞாபகம் இருக்கிறது. 'இன்னும் கொஞ்சம்' என்று அவர் மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தேன். அவர் இறங்கிப் போனதும் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

ஆறாம் நாள் போன் வந்தது. கல்யாண வீட்டுப் பெரியவர் பேசினார், குரலில் சிரிப்பு இல்லை. மாஸ்டரை விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள், மூட்டையில் இருந்ததை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வருகிறவரை வெளியே விட மாட்டார்கள், வக்கீல் வைத்திருக்கிறோம் என்றார். கல்யாணம் வேறு ஆள் ஆக்கி முடிந்துவிட்டது. கடைசியாக ஒன்று கேட்டார். "இதக் கொண்டுவரலாம்னு யார் சொன்னான்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாரு. அங்க யாராச்சும் சொன்னாங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். "விசாரிக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அன்று அந்த அக்கா வந்தபோது முதலாளியே சொன்னார், சாமானில் ஏதோ சந்தேகம், நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வந்துவிடுவார் என்று. அந்த அக்கா அழவில்லை. "தாள்ல உள்ளபடிதானே கட்டுனாக?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். அதன் பிறகு பதினைந்து நாள் தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தூக்குவாளி கொண்டுவரவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே டைப்ரைட்டரில் என் விரல் தப்பான எழுத்தில் விழும். அந்தச் சிவப்பு எழுத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் அந்தப் பதினைந்து நாள் பயந்ததுபோல நான் அதற்கு முன்னும் பின்னும் பயந்ததில்லை.

மாஸ்டர் திரும்பி வந்தார். சமையல் சாமான்தான் என்று வக்கீல் எடுத்துச் சொல்லி, கசகசாவைப் பறித்துக்கொண்டு, ஊருக்குள் விடாமலே அனுப்பிவிட்டார்களாம். வந்த இரண்டாம் நாள் ஆபீசுக்கு வந்தார். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. முதலாளி வெளியே போயிருந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"பிளேன்ல பக்கத்து சீட்டுப் பையன்தான் தங்கச்சி, அந்தச் செவப்பு எழுத்தப் படிச்சுச் சொன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். நமக்கு என்ன, நம்மதான் எல்லாம் பாத்துக் கட்டியிருக்கோமேன்னு இருந்தேன். பொறவு அங்க மூட்டைய அவுத்தாக. வெள்ளைக் கசகசாவக் கையில அள்ளிப் பாத்து, இன்னொருத்தரக் கூப்புட்டாக. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தாளக் காட்டலியாண்ணே?" என்று கேட்டேன்.

"எப்படிக் காட்ட? உங்க கையெழுத்துல்ல இருக்கு. என்னைய மாதிரி உங்களையும் தேடி வந்துட்டா? ஊர்ல ஒரு பொம்பளப் புள்ளைக்கு நம்மளால கேடு வரக் கூடாதுல்ல. கக்கூஸுக்குப் போறேன்னு போயி, மென்னு முழுங்கிட்டேன். யாரு சொன்னான்னு அவுக கேட்டுக் கேட்டுப் பாத்தாக. நானா கொண்டாந்தேன்னு சொல்லிட்டேன். அதுலதான் சந்தேகம் வந்து இம்புட்டு நாள் இழுத்துட்டாக."

அந்தத் தாளை அவர் காட்டியிருந்தால், கூடாது என்று எழுதியதை விட்டுவிட்டு வந்த அப்பாவி என்று முதல் நாளே தெரிந்திருக்கும். என்னைக் காப்பாற்ற அதைத் தின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, வாயைத் திறந்து என் தப்பு என்று சொல்லத்தான் வரவில்லை.

"தாளு ஒன்னு குடுங்க தங்கச்சி" என்றார். "நான் எங்க தப்புப் பண்ணேன்னு பாக்கணும். வீட்ல அவளும் கேட்டுக்கிட்டே இருக்கா."

என்னிடம் புதிய தாள்தான் இருந்தது. மேஜை டிராயரைத் திறந்து ஒன்றை எடுத்து, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன்.

அவர் ஒன்றாவது குறிப்பிலிருந்து ஆரம்பித்தார். முன்பு மாதிரியே, எழுத்துக்கூட்டி, உரக்க. குடை. கடிகாரம். குழாய்த் தண்ணீர். பால்கோவா. ஒவ்வொன்றுக்கும் 'சரி, இது சரி' என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். பதினேழுக்கு வந்தார்.

"கசகசா... குருமாவுக்கு அரைக்கும் வெள்ளை விதை... எக்காரணம் கொண்டும்... கொண்டு போகக் கூடாது."

நிறுத்தினார். விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு முறை, இந்த முறை சத்தமில்லாமல், உதடு மட்டும் அசையப் படித்தார். 'கருப்பு மட்டும்' என்று நான் எழுதிக் கொடுத்த இடத்தைத் தேடுகிறார் என்று தெரிந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

தாளை நான்காக மடித்து என் டைப்ரைட்டர் மேல் வைத்தார்.

"போறேன் தங்கச்சி" என்றார்.

மேலே கூப்பிட்டு மாற்றிச் சொல்ல வைக்க முதலாளி அங்கே இல்லை. நானும் கூப்பிடவில்லை. அவர் செருப்புச் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.